இத்தாலிக்குப் போன கல்முனை

வெளிநாட்டுப் பயணம் போகிறவர்களில் ஓர் இனம் இருக்கிறது. விமானம் ஏறுவார்கள், கடல் கடப்பார்கள், பத்து மணித்தியாலம் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்து இன்னொரு கண்டத்தில் போய் இறங்குவார்கள்; ஆனால் ஊரைவிட்டு மட்டும் வெளிக்கிட மாட்டார்கள். எதைக் காட்டினாலும் அதைப் பார்க்க மாட்டார்கள். அதுபோல ஊரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆற்றைக் காட்டுங்கள், ஊர் ஆறு அகலம் என்பார்கள். மலையைக் காட்டுங்கள், ஊர் மலை உயரம் என்பார்கள். ஊரில் மலையே இல்லாவிட்டால்? மலை இல்லாதிருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அரைமணித்தியாலம் விளங்கப்படுத்துவார்கள்.

ஒப்பிடுவோர் என்று இவர்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரிந்த ஆட்கள்தான். கலியாண வீட்டில் புரியாணியின் முதல் பிடியை வாயில் வைத்ததுமே போன மாதம் வேறொரு கலியாணத்தில் தின்ற புரியாணியைப் பற்றிக் கதைக்கத் தொடங்குகிறவர். பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில், தன் பேரன் பிறந்தபோது எத்தனை கிலோ என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறவர். ஏன், ஜனாஸா எடுக்கிற சாவு வீட்டில்கூட, போன வெள்ளிக்கிழமை மௌத்தானவருக்கு இதைவிடச் சனம் என்று பக்கத்தில் நிற்பவரின் காதில் ஓதுகிறவர். ஊருக்குள் இருக்கும்வரை இவர்களால் பெரிய சேதமில்லை. பாஸ்போர்ட் எடுத்துவிட்டால்தான் கஷ்டம்.

கல்முனை ரீ.ஓ. மீராமுகைதீன் போன வருடம் பாஸ்போர்ட் எடுத்தார்.

முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசன வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக, அதாவது ரீ.ஓ.வாக, இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாய்க்கால், மதகு, அணைக்கட்டு, வான்கதவு என்று அளந்து அளந்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கண் மட்டும் ஓயவில்லை. எந்தச் சுவரைக் கண்டாலும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நேர் பார்ப்பார். அவருடைய மனைவி ஸாலிஹா, பெண்கள் பாடசாலையில் சித்திர ரீச்சராக இருந்தவர். இருபத்தேழு வருடம் அவர் பிள்ளைகளுக்கு உலகத்துப் பெரிய ஓவியங்களையும் கட்டடங்களையும் படிப்பித்தது, தீப்பெட்டி அளவு கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்து. அதில் ஒரு படம், இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரத்துத் தேவாலயத்தின் குவிமாடம். அவ்வளவு பெரிய குவிமாடத்தைக் கீழிருந்து முட்டுக் கொடுக்காமலே கட்டினார்கள் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. ரீச்சரும் அப்படியே வாசித்துக்காட்டுவார். "அதெப்படி ரீச்சர் விழாம நிண்ட?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருத்தி கேட்பாள். ஒவ்வொரு வருடமும் ரீச்சர் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

மகள் றுஸ்தாவும் மருமகன் இன்பாஸும் மிலான் நகரத்தில் இருந்தார்கள். மே மாதம் இரண்டு கிழமைக்கு வாருங்கள் என்று அவர்கள் கூப்பிட்டபோது ஸாலிஹாவின் மனதில் முதலில் வந்து நின்றது அந்தக் குவிமாடம்தான். ரீ.ஓ.வின் மனதில் வந்து நின்றது வேறு.

"அங்க சோறு கிடைக்குமா?" என்றார்.

ஐந்து கிலோ சம்பா அரிசியும், மாசிச் சம்பலும், ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாயுமாக அவருடைய பெட்டி நிறைந்தது. ஸாலிஹா ஒரு வரைதல் கொப்பியும் ஆறு பென்சிலும் வைத்துக்கொண்டார்.

மிலானில் இறங்கிய இரண்டாம் நாளே நகரத்தின் நடுவிலுள்ள பெரிய தேவாலயத்தின் முன்னால் கொண்டுபோய் விட்டான் இன்பாஸ். வெள்ளைக் கல்லில் ஆயிரம் கூர்க்கோபுரங்கள் வானத்தைப் பார்த்து எழும்பி நிற்க, காலை வெயில் பட்டு ரோஜா நிறமாகிக்கொண்டிருந்தது. ஸாலிஹா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழிருந்து மேலே ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு போனார். பாதியில் போகும்போது பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"வேலப்பாடு கூடிப்போச்சு. சூரமீன்ட முள்ளு மாதிரி இரிக்கி. நம்மட கடற்கரைப் பள்ளி மினாறாவப் பாரு, துப்புரவா ஒரு கோடு கீறின மாதிரி."

ஸாலிஹா மீண்டும் கீழிருந்து தொடங்கினார். ஆனால் இந்த முறை கோபுரமெல்லாம் மீன்முள்ளாகவே தெரிந்தது. ஒப்பிடுவோரின் கொடுமை இதுதான். தாங்களும் பார்க்க மாட்டார்கள். பார்க்கிறவரின் கண்ணிலும் எதையாவது போட்டுவிட்டுப் போவார்கள்.

அன்று பகல் இன்பாஸ் ஒரு நல்ல கடையில், இறைச்சி சேராதது என்று இரண்டு தரம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டு, மஞ்சள் நிறத்தில் ஒரு சோறு வாங்கிக் கொடுத்தான். மிலான்காரர்கள் அதற்காக உயிரையே விடுவார்களாம். ரீ.ஓ. ஒரு கரண்டி அள்ளிக் கவிழ்த்துப் பார்த்தார். அது விழாமல் கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"நோன்புக் கஞ்சி. தண்ணி வத்திப்போச்சி" என்று தீர்ப்புச் சொன்னார்.

எருமைப் பாலில் செய்த வெள்ளைப் பாற்கட்டி வந்தது. "எருமப் பாலா? அப்ப எங்கட தயிர்ச்சட்டிய இவனுகள் காணல்ல. சட்டியக் கவிட்டுப் புடிச்சாலும் விழாது. இது கையில புடிச்சாலே வழுக்குது." சொல்லிக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவோர் சாப்பாட்டை ஒருநாளும் மிச்சம் வைப்பதில்லை.

வெனிஸ் நகரத்தில் வள்ளத்தில் ஏறினார்கள். இருபக்கமும் தண்ணீருக்குள் கால் வைத்து நிற்கும் பழைய மாளிகைகள். பச்சை நிறத் தண்ணீரில் அவற்றின் சன்னல்கள் நெளிந்துகொண்டிருந்தன. எங்கேயோ யாரோ ஒரு வாத்தியம் வாசித்தார்கள். ஸாலிஹா கொப்பியைத் திறந்து ஒரு பாலத்தின் வளைவை வரையத் தொடங்கினார்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வாறானுகள்?" என்றார் ரீ.ஓ. "மாரி மழைக்குக் கிட்டங்கித் தாம்போதி ரோட்டுக்கு மேலால வெள்ளம் பாஞ்சா, நம்மளும் தோணியிலதான் சவளக்கடைக்குப் போற. அங்க ஒருத்தனும் போட்டோ புடிக்கானா?"

மகளும் மருமகனும் சிரித்தார்கள். ஸாலிஹாவும் சிரித்தார். சிரித்து முடியும்போது வள்ளம் அந்தப் பாலத்தைத் தாண்டிவிட்டது. கொப்பியில் அரை வளைவு மட்டும் இருந்தது.

இதுவரைக்கும் பொறுத்துக்கொண்டார். கலியாணம் முடித்து முப்பத்துநாலு வருடம் பொறுத்தவருக்கு இன்னும் ஒரு கிழமை பெரிய காரியமா? ஆனால் கோமோ ஏரிக்கரையில் நடந்தது வேறு.

சுற்றிவர மலை. மலைச்சரிவில் மஞ்சளும் காவியுமாகச் சின்னச் சின்ன வீடுகள். பின்னேர வெயில் மலை முகட்டைத் தொட்டு, ஏரி முழுவதும் ஒரு பக்கம் வெள்ளியும் மறுபக்கம் நீலமுமாகப் பிரிந்து கிடந்தது. பிள்ளைகள் இருவரும் ஐஸ்கிறீம் வாங்கப் போய்விட்டார்கள். கரையோரக் கல் வாங்கில் இருந்தது இவர்கள் இரண்டு பேர் மட்டும். ஸாலிஹா யோசித்துப் பார்த்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து, கையில் ஒரு பிள்ளை இல்லாமல், மடியில் ஒரு மரக்கறிப் பை இல்லாமல், திருத்த வேண்டிய ஒரு கட்டு வினாத்தாள் இல்லாமல், இந்த மனிசனோடு ஒரு தண்ணீர்க்கரையில் சும்மா இருந்தது இதுதான் முதல் தடவை. நெஞ்சுக்குள் என்னவோ நிறைந்து வந்தது. இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைக்கவே இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இந்தமாதிரிக் கதையெல்லாம் அவர்களுக்குள் வழக்கமில்லை. அதனால் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

"இஞ்சேருங்க…" என்று தொடங்கினார்.

"ஓம், ஓம்! எனக்கும் அதே நினைப்புத்தான்" என்றார் ரீ.ஓ. உற்சாகமாக. "இறக்காமக் குளம் இதவிட எவ்வளவு வடிவு! இஞ்ச ஒரு கொக்கு இரிக்கா? ஒரு தாமர இரிக்கா? போகட்டும், பின்னேரத்தில தண்ணி குடிக்க ஒரு ஆனயாவது வருதா? ஆன வராத குளம் என்ன குளம்?"

ஸாலிஹா எழும்பி நடந்தார். ஐஸ்கிறீமோடு வந்த பிள்ளைகளைத் தாண்டி, வள்ளத்துறையைத் தாண்டி, ரயில் நிலையம் வரைக்கும் நடந்தார். ரீ.ஓ. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்து, "ஏன் புள்ள, தலக்குத்தா?" என்று கேட்டார். ரயிலில் முன் இருக்கையில் இருந்துகொண்டு, மிலான் வருவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில், பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தே ஸாலிஹா வாயைத் திறந்தார்.

"வாற வியாழக்கிழம புளோரன்ஸ் போறம். அந்த ஒரு நாள். காலத் தேத்தண்ணியிலிருந்து மஃரிப் தொழுக வரைக்கும் உங்கட வாயில 'நம்மட ஊர்' எண்டு ஒரு சொல்லு வரக்கூடா. கல்முன, இறக்காமம், கிட்டங்கி, சவளக்கட ஒண்டும் வரக்கூடா. வந்தா, நான் உங்களோட பிளேன் ஏற மாட்டன். விசா இன்னும் ரெண்டு மாசம் இரிக்கி. றுஸ்தாவோட இரிந்திட்டு ஆறுதலா வருவன். நீங்க போய் ஆக்கித் தின்னுங்க."

ரீ.ஓ. மகளைப் பார்த்தார். றுஸ்தா சன்னலைப் பார்த்தாள். மருமகனைப் பார்த்தார். அவன் போனைப் பார்த்தான்.

"மஃரிப் வரைக்குமா?" என்றார் பலவீனமாக. "இஞ்ச மஃரிப் ராவு ஒம்பது மணிக்கெல்லுவா. நம்மட ஊர்ல எண்டா ஆறேகாலுக்கு…"

"வியாழக்கிழம" என்றார் ஸாலிஹா.

புதன்கிழமை பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரம். மறுநாள் வாய்க்குப் பூட்டு என்பதால் அன்று அவர் தன்னுடைய சுதந்திரத்தை ஒரு சொட்டு விடாமல் அனுபவித்தார். எல்லோரும் கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் சப்பாத்து நூலைக் கழற்றி, அதில் வீட்டுத் திறப்புக்கொத்தைக் கட்டித் தூக்குக்குண்டுபோல் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சரிவை அளந்தார். "மண்ணைப் பரிசோதிக்காம அத்திவாரம் போட்டிரிக்கானுகள். நான் எண்டா இந்த வேலைக்குக் கடைசி பில்லுல கையெழுத்து வெச்சிரிக்க மாட்டன். நம்மட சாலிஹ் ஓவசியர் கட்டின மதகு நாப்பது வருசமா ஒரு நூல் அசையல்ல!" இதைப் புதுவிதமான படமென்று நினைத்த நாலைந்து கொரியப் பெண்பிள்ளைகள், தங்கள் கழுத்துச் சங்கிலிகளைக் கழற்றித் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

வியாழக்கிழமை புளோரன்ஸில் விடிந்தது.

காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் பாணுக்கு உப்புப் போடுவதில்லை. பரம்பரை பரம்பரையாக அப்படித்தான். இது ரீ.ஓ.வுக்குத் தெரியாது. ஒரு கடி கடித்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். கல்முனைப் பஸாரிலுள்ள அத்தனை பேக்கரிகளும் அவருடைய தொண்டைக்குழி வரைக்கும் வந்து நிற்பது ஸாலிஹாவுக்குத் தெரிந்தது. ரீ.ஓ. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"நல்ல பாண்" என்றார்.

பிறகு ஆற்றுக்குக் குறுக்கே உள்ள பழைய பாலம். பாலத்துக்கு மேலேயே இரண்டு பக்கமும் நகைக்கடை, நகைக்கடை, நகைக்கடை. நகைக்கடையும் பாலமும் இரண்டும் உள்ள ஓர் ஊரிலிருந்து வந்தவரை இப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் என்ன பாடுபடுவார்? உதடு இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. வாய்க்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டே பாலத்தைக் கடந்தார். பாலத்தின் தூண்களைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை. ஸாலிஹாவுக்கு அந்த நகரம் முதல் தடவையாகச் சத்தமில்லாமல் கிடைத்தது. கல் பதித்த ஒழுங்கைகள், சன்னலில் தொங்கும் சிவப்புப் பூச்சட்டிகள், மூலையில் நின்று வயலின் வாசிக்கும் ஒரு கிழவர். நின்று நின்று வரைந்தார். கொப்பியில் நாலு பக்கம் நிறைந்தது. நாலும் முழுப் பக்கம்.

பத்தரை மணிக்குத் தேவாலயத்தடிக்கு வந்தார்கள். தலையை எவ்வளவு பின்னால் சாய்த்தாலும் கண்ணுக்குள் அடங்காமல் குவிமாடம் செங்கல் நிறத்தில் மேலே நின்றது. பதினொரு மணிக்கு ஏற வேண்டும். நானூற்று அறுபத்து மூன்று படி. இன்பாஸ் ரயில் டிக்கட்டை மாற்றுவதற்காக நிலையத்துக்குப் போயிருந்தான். ஸாலிஹாவும் றுஸ்தாவும் வரிசையில் நிற்க, ரீ.ஓ. பக்கத்துக் கல்படியில் இருந்து முழங்காலை உருவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஓம் ஓம், இஞ்ச ஒரு பெரிய கோயிலடியில இருக்கன். பெரிசுதான், இல்லை எண்டு சொல்லல்ல. ஆனா நம்மட பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு வாற சனத்தில கால்வாசி வருமா இது?"

மே மாத வெயிலில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு மனிதர், இரண்டு படி தள்ளி இருந்துகொண்டு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். ரீ.ஓ.வின் முதுகு நிமிர்ந்தது. ஸாலிஹாவைத் திரும்பிப் பார்த்தார். ஊர் விசாரிப்பது ஒப்பீட்டில் சேராது என்று ஸாலிஹா கண்ணாலேயே அனுமதி கொடுத்தார்.

"அண்ணன் பாண்டிருப்பா?"

"ஓம்! நீங்க?"

"கல்முன."

"அட கடவுளே! பக்கத்து ஊர்!" அந்த மனிதர் எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பெயர் அழகரெத்தினம். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். மகள் மேனுஜாவோடு சுவிஸில் இருக்கிறார். மகளும் மருமகனும் மேலே ஏறிப் போய்விட்டார்கள், இவர் ஏறவில்லை. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில் ரீ.ஓ.வைக் 'காக்கா' ஆக்கிக்கொண்டார். "மேல ஏறி என்னத்தப் பாக்கிற, காக்கா? சுவிஸ்ல மலை மலையெண்டு என்னை ஏத்தி இறக்கிக் காலே போயிட்டு. நம்மட பக்கம் எவ்வளவு சுகம்! சைக்கிள உருட்டி விட்டாலே தானாப் போகும்."

ரீ.ஓ. தலையை வேகமாக ஆட்டினார். மூன்று மணித்தியாலமாகக் காய்ந்து கிடந்த பயிருக்கு மழை பெய்ததுபோல் இருந்தது அவருடைய முகம்.

"இஞ்சத்தக் கடலும் பாத்தன். அலையே இல்ல, குளிக்கிற தொட்டி மாதிரி. கடல் எண்டா நம்மட பாண்டிருப்புக் கடல்தான்."

தலை கொஞ்சம் மெதுவாக ஆடியது.

"கல்முனக் கடலும் இருக்குத்தான். ஆனா அந்தளவுக்கு வராது."

தலை நின்றது.

வாசிக்கிற உங்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். கல்முனைக்கும் பாண்டிருப்புக்கும் நடுவே கடலில் எல்லைக்கல் இல்லை. கல்முனைக் கரையில் உடையத் தொடங்குகிற அலை பாண்டிருப்பில் நுரைத்து முடியும். ஆனால் அழகரெத்தினத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

"மீனும் அப்படித்தான், காக்கா. எங்கட கரைவலையில படுற பாரைக்கு இருக்கிற ருசி உங்கட பக்கத்துப் பாரைக்கு இல்ல. அது தண்ணிர குணம். மறுகா, காத்தும் உங்கட பக்கம் கொஞ்சம் புழுக்கம். நீங்களே சொல்லுங்களன், இல்லையா?"

ரீ.ஓ.வின் காது இரண்டும் குவிமாடத்தின் நிறத்துக்கு வந்துவிட்டன. சொல்ல வேண்டிய பதில் முப்பத்தொரு வருட அனுபவத்தோடும் புள்ளிவிவரங்களோடும் தொண்டையில் நின்றது. ஸாலிஹாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. கெஞ்சல் மட்டும் இருந்தது. வீட்டில் தனியாக இருந்து இரண்டு மாதம் மாசிச் சம்பலோடு சோறு தின்னும் ஒரு மனிதன் அந்தக் கண்ணுக்குள் தெரிந்தான். ஆனாலும் அவர் சொல்லை மீறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்க சொல்றதும் ஒரு கணக்குத்தான் அண்ணன்" என்று முனகினார்.

ஸாலிஹாவுக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. இன்னொரு பக்கம் நெஞ்சு இளகிவிட்டது. இந்த மனிசன் தனக்காக எதையாவது விட்டுக்கொடுத்திருக்கிறாரா என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறார். இப்போது பாண்டிருப்புக்காரரிடம் கல்முனைக் கடலையே விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

வரிசை நகர்ந்தது. கதவைத் திறந்தார்கள்.

"இஞ்சேருங்க" என்றார் ஸாலிஹா. "உங்களுக்கு முழங்கால் ஏலா. நீங்க இவரோட இரிங்க. நாங்க ஏறிட்டு வாறம்."

"ம்."

"நீங்க கதைக்கலாம்."

ரீ.ஓ.வுக்கு விளங்கவில்லை. "என்ன கதைக்கிற?"

"எல்லாம் கதைக்கலாம். நான் விட்டுத் தாறன்."

வாசலுக்குள் நுழையும்போது பின்னால் கேட்டது: "அண்ணன், அந்தப் பாரைமீன் கதைய இன்னொருக்காச் சொல்லுங்க பாப்பம்!" பூட்டு உடைந்த வான்கதவிலிருந்து தண்ணீர் பாய்வதுபோல் இருந்தது அந்தக் குரல். பிறகு கல்சுவர் அதை மறைத்துக்கொண்டது.

படிகள் ஒடுங்கி, வளைந்து, இருட்டாக ஏறின. பாதிவழியில் குவிமாடத்தின் உட்பக்கத்தைச் சுற்றிவருகிற ஒரு நடைபாதை வந்தது. ஸாலிஹா கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். தீப்பெட்டி அளவில் பார்த்தது இப்போது வானம் அளவுக்கு விரிந்து கிடந்தது. நூற்றுக்கணக்கான உருவங்கள், மேகம், நெருப்பு, நீலம். எந்தப் பக்கம் பார்த்தாலும் இன்னொரு பக்கம் மிச்சம் இருந்தது. பக்கத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. றுஸ்தாகூட உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. ஸாலிஹா தன்னுடைய நேரத்தை எடுத்துக்கொண்டு, ஓரத்திலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் முழுசாகப் பார்த்தார். இடையில் ஒருதரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மீண்டும் பார்த்தார்.

இரண்டு சுவருக்கும் நடுவால் மிச்சப் படிகள் ஏறின. அங்கே செங்கற்கள் கிடையாக மட்டுமில்லாமல், இடைக்கிடை நெட்டுக்குத்தாகவும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பாய் இழைத்ததுபோல் போயிருந்தன. ஸாலிஹா கையால் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு வரிசையும் அடுத்த வரிசையை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இருபத்தேழு வருடமாகப் பக்கத்தைத் திருப்பிய கேள்விக்கு விடை விரலில் பட்டது.

உச்சியில் வெளியே வந்தார்கள். காற்று முகத்தில் அடித்தது. கீழே நகரம் முழுவதும் சிவப்பு ஓடுகள், அதற்கப்பால் ஆறு, அதற்கப்பால் பச்சைக் குன்றுகள் ஒன்றின்பின் ஒன்றாக மங்கிக்கொண்டு போயின. அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொன்னார். இப்படி ஓர் அமைதி கிடைக்குமென்று நினைக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாரோ தெரியாது. பிறகு அவருடைய வாய் தன்பாட்டில் திறந்தது.

"றுஸ்தா, இந்த ஓட்டு நிறத்தப் பாருகா. மழ விட்டு வெயில் எறிக்கக்குள்ள நம்மட ஊர்ல பழைய வீட்டு ஓடெல்லாம் இப்படித்தானே இரிக்கும்?"

றுஸ்தா உம்மாவைப் பார்த்தாள். ஸாலிஹாவுக்கு அப்போதுதான் தன் காதிலேயே அது விழுந்தது. றுஸ்தா சிரிக்கத் தொடங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"உம்மா! நீங்களுமா?"

"வாப்பாட்டச் சொன்னாத் தெரியும் உனக்கு" என்றார் ஸாலிஹா.

இறங்கி வந்தபோது கல்படியில் ஒரு சின்னக் கூட்டமே இருந்தது. ரீ.ஓ.வும் அழகரெத்தினமும் தோளோடு தோள் நின்று, பாரிஸிலிருந்து சுற்றுலா வந்த ஒரு பருத்தித்துறைக்காரருக்கு எதிராகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் பாவம், வழியால் போகும்போது இவர்களுடைய சண்டையைக் கேட்டு, "என்ன இருந்தாலும் வடமராட்சிக் கடல் போல வருமே?" என்று தன் ஊர்க் கடலுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம். அந்த நிமிடமே கல்முனையும் பாண்டிருப்பும் ஒன்றாகிவிட்டன.

"எங்கட கரை ஒரே கரை!" என்று அழகரெத்தினம் கையை விரித்துக் காட்டினார். "கல்முனயிலயிருந்து பாண்டிருப்பு வரைக்கும் பொன் மாதிரி மணல்!"

"சொல்லுங்க அண்ணன், சொல்லுங்க!" என்றார் ரீ.ஓ.

பின்னேரம் மிலானுக்குத் திரும்புகிற ரயிலில் ரீ.ஓ.வுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சன்னலைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டார். "பிளேன் ஏறுவாய்தானே?"

"ஏறுவன்."

"அப்ப, மேல என்ன கண்டாய்?"

இந்தப் பயணத்தில் அவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஸாலிஹா கொப்பியைத் திறந்து, செங்கல் அடுக்கிய விதத்தை வரைந்து காட்டினார். கிடையாக மூன்று, நெட்டுக்குத்தாக ஒன்று. "முட்டே குடுக்கல்லயா?" என்றார் ரீ.ஓ. "குடுக்கல்ல." கொப்பியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, நெடுநேரம் பார்த்தார். வாய் 'நம்' என்று திறந்தது. ஸாலிஹா நிமிர்ந்து பார்த்தார். ரீ.ஓ. அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு, "பெரிய மூளக்காரன்" என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார். கோமோவில் சொல்ல வந்ததை ஸாலிஹா அப்போது சொன்னார். ரீ.ஓ. மறுபக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் இரண்டு பேரும் நித்திரைபோல் பாசாங்கு பண்ணினார்கள்.

ரீ.ஓ. மீராமுகைதீன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? கல்முனைக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாள் காலையில் அப்துல் ஸமட்டின் தேத்தண்ணிக்கடையில் அவர் சொன்னது இது: "இதென்ன கோப்பி? இத்தாலியில கோப்பி எண்டா இந்தளவு கோப்பையில இந்தளவுதான், தெரியுமா? குடிச்சா ரெண்டு நாளைக்கு நித்திர வராது." பஸ் பிந்தினால் இத்தாலி ரயில். பாதை கடக்கிற மஞ்சள் கோட்டில் வாகனம் நிற்காவிட்டால் இத்தாலி டிரைவர். அங்கே இருக்கும்போது நோன்புக் கஞ்சி என்று தீர்ப்புச் சொன்ன அந்த மஞ்சள் சோற்றைக்கூட, "ஆ… அது ஒரு சோறு!" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். அவர் வருவதைக் கண்டதும் ஆட்கள் சைக்கிளைத் திருப்புகிறார்கள். ஸாலிஹா மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. ஓட்டு நிறத்தைப் பற்றி றுஸ்தா இன்னும் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தைரியத்தில் இருக்கிறார்.

இவர்களைப் பார்த்து நீங்கள் சிரித்திருக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதை வாசித்துக்கொண்டு வரும்போது எந்த இடத்திலாவது, "அட, இந்தாள் அச்சொட்டாக எங்கட மாமா மாதிரி" என்றோ, "எங்கட பக்கத்து வீட்டுக்காரருக்கு இவர் கிட்டவும் வர மாட்டார்" என்றோ உங்கள் மனதில் பட்டதா? உண்மையைச் சொல்லுங்கள். பட்டிருந்தால், அடுத்த தடவை பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்; உங்களோடு வரப்போகிறவர் பாவம்.